வெற்றுக் கட்டங்கள் சொல்வது என்ன?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டைக்கு அண்மையிலுள்ள வரிசை வீடுகளுள் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் எழுப்பும் இரைச்சல் சுவரைத் தாண்டி வீட்டினுள்ளும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பாயில் சுருண்டு படுத்திருந்தான். அவனுக்கு டான்சில் சதைகளை அறுவைச் சிகிச்சையால் அகற்றி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தந்தை வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்பவர். தாய் வேறொரு தொழிற்சாலையில் பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் பணியாளர். இருவருக்கும் ஷிப்டு வேலை. பகலெல்லாம் பிள்ளைக்குத் துணை பாட்டிதான்.

“வலியெல்லாம் இல்ல சாமி. நாலு நாளா வாயே தொறக்கல. சத்தமே இல்ல. தங்கமான புள்ள” என்றார் பாட்டி.

அந்தத் தங்கமான பிள்ளையின் தலைமாட்டில் வைத்திருந்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. ஆசையோடு வாங்கி வந்த ஐஸ்கிரீம் கிண்ணத்திலேயே உருகிக் கிடந்தது. எச்சிலை விழுங்க வேண்டிய ஒவ்வொரு முறையும் அவன் கண்களை இறுக மூடிக்கொண்டதை நாம் கண்டோம். அவன் அழவில்லை என்பது உண்மையே. அழுதால் தொண்டை இன்னும் அதிகமாக வலிக்கும் என்பதை நான்கு நாட்களில் அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

சுவரில் நாட்காட்டிக்குக் கீழே, அதே ஆணியில், ஒரு தாள் தொங்கியது. பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னர் எவ்வளவு வலியோடு இருக்கிறார்கள் என்பதை ஆராய்வதற்காக மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாள் அது. மேற்புறத்தில் ஆறு முகங்கள். முதல் முகம் வலியற்றது. ஆறாவது முகம் வலியின் உச்சியில் இருப்பது. கீழே ஏழு நாட்களுக்கு, நாளொன்றுக்கு மூன்று வீதம், 21 கட்டங்கள். பிள்ளை எந்த முகத்தைச் சுட்டுகிறானோ அதன் எண்ணைக் கட்டத்தில் எழுத வேண்டும். முதல் இரண்டு கட்டங்கள் மட்டுமே நிரம்பியிருந்தன. இரண்டிலும் வலியற்ற முகம். அவை மருத்துவமனையிலேயே, அறுவையின்போது செலுத்திய மருந்தின் வேகம் அடங்குமுன் குறிக்கப்பட்டவை என்று பின்னர் அறிந்தோம். மற்றப் பத்தொன்பதும் வெறுமை.

தாளைக் கழற்றிச் சிறுவனிடம் காட்டினோம். “தம்பி, இதுல நீ யாரு?” என்று கேட்டதும் அவன் சற்றும் தயங்காமல் ஐந்தாவது முகத்தின் மேல் விரலை வைத்தான். பிறகு அதே விரலைத் தன் காதின் மேல் வைத்தான். “காது குத்தல்னு நேத்துலேர்ந்து காட்டறான் சாமி. எண்ணெய் காய்ச்சி ஊத்தலாம்னு இருக்கேன்” என்றார் பாட்டி. நல்லவேளை, ஊற்றவில்லை. தாளின் அடியிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினோம். டான்சில் அறுவைக்குப் பின் தொண்டை வலியே காதிலும் தெரியும் என்றும், இரண்டிற்கும் நரம்பு ஒன்றே என்றும், காதில் எதையும் விட வேண்டாம் என்றும் அவர்கள் விளக்கினர். எழுதிக் கொடுத்த மருந்தைப் பிள்ளை கேட்கும்போது தருவதற்குக் காத்திராமல் மணிக்கணக்குப்படி தர வேண்டும் என்றும் சொன்னார்கள். மருந்துப் புட்டியைத் தேடி எடுத்தோம். முத்திரைகூட உடைக்கப்படவில்லை. “அழுவலியே சாமி, எதுக்குச் சும்மா மருந்து?” என்பது பாட்டியின் நியாயம்.

அவ்வேளையில் தாய் வேலை முடிந்து வந்தார். வெற்றுக் கட்டங்களைப் பற்றிக் கேட்டோம். “திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறோம் ஃபாதர். பஸ்ஸுல போறப்ப எல்லாத்தையும் போட்டுடுவேன்” என்றார், ஒளிவுமறைவின்றி.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. ஆண்டு முடிவில் ஆயர் இல்லத்திற்கு அனுப்பவேண்டிய பங்குப் புள்ளிவிவரப் படிவத்தை, கடைசி நாளன்று இரவு பத்து மணிக்குமேல், நினைவையும் ஊகத்தையும் துணைக்கொண்டு நிரப்பிய பாவம் நமக்கும் உண்டு. ஆயினும் அன்றிரவு வீடு திரும்பிய பின் ஓர் எண்ணம் நம்மை விட்டகலவில்லை. இத்தகைய தாள்கள் நூறு, இருநூறு எனச் சேர்ந்து ஒருநாள் கூட்டிக் கழிக்கப்படும். அக்கணக்கிலிருந்து “இந்த அறுவைக்குப் பின் பிள்ளைகளுக்கு வலி அதிகமில்லை” என்றொரு முடிவு பிறக்கலாம். அம்முடிவைக்கொண்டு நாளை வேறொரு பிள்ளைக்கு மருந்து குறைக்கப்படலாம். அப்படியாயின் இந்த வெற்றுக் கட்டங்களை எவ்வாறு படிப்பது?

பிள்ளைகளின் வலியை எண்ணிப் பார்ப்பதே அண்மைக் காலத்துப் பழக்கம் என்பதை வாசகர்களுட் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். 1980-களின் இடைப்பகுதி வரையிலும், பிறந்த குழந்தைகளுக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு, வலி முழுமையாகத் தெரியாது என்ற எண்ணம் மேலைநாட்டு மருத்துவமனைகளிலேயே பரவலாக இருந்தது. வலுவான வலி நீக்கி அவர்களுக்கு ஆபத்தாகலாம் என்ற அச்சமும் அதனோடு சேர்ந்திருந்தது. அதனால் அறுவையின்போது தசையை அசையவிடாமற் செய்யும் மருந்தும், இலேசான மயக்க வாயுவும் மட்டுமே கொடுப்பது வழக்கமாக இருந்தது. குழந்தை அசையவில்லை, ஆகவே வலியில்லை! நம் பாட்டியின் வாதத்திற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்னும் நம் நாட்டு மருத்துவர் தம் குழுவினரோடு இதனை ஆராய்ந்தார். குறைமாதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஃபென்டனில் என்னும் வலி நீக்கியையும் சேர்த்துக் கொடுத்தார். அது பெறாத குழந்தைகளின் குருதியில் வேதனைக் காலத்தில் சுரக்கும் பொருள்கள் மிகுந்திருந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களிடமே அதிகம். 1987-இல் இம்முடிவுகள் வெளியாயின. பேசத் தெரியாத உயிர்களின் சார்பில் அவர்தம் குருதியே பேசிற்று எனலாம். அதன்பின் உலகின் வழக்கம் மாறத் தொடங்கியது.

ஆனால் அது அறுவைக்கூடத்திற்குள் நடந்த ஆராய்ச்சி. அங்கே மருத்துவர் உண்டு, தாதியர் உண்டு, கருவிகள் உண்டு. இன்றோ குடலிறக்கம், விரைவீக்கம், டான்சில் போன்றவற்றுக்கு அறுவை செய்த பிள்ளைகளை அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். அது நன்மையே, வீட்டுப் பாயில் கிடைக்கும் உறக்கம் வார்டில் கிடைக்காது. ஆனால் வலியின் பெரும்பகுதியும் பிள்ளையோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. குடலிறக்க அறுவையில் இரண்டு மூன்று நாட்களில் அது அடங்கிவிடும். டான்சிலிலோ ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாட்களும் நீடிக்கும். புண்ணின் மேற்படலம் உதிரும் நாட்களில், ஆறுவதுபோல் இருந்த வலி மீண்டும் ஏறுவதும் உண்டு. இவற்றையெல்லாம் பார்த்துக் குறித்து வைக்க வீட்டில் யார் இருக்கிறார்?

சிறுவனின் தந்தையோடு மறுநாள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு செய்தி சொன்னார். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய்த் தொழிற்சாலை கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இச்சுற்றுவட்டாரத்து இளைஞர்களுக்கு மில்லிமீட்டரின் நூறிலொரு பங்கும் வீட்டுப்பேச்சாகிவிட்டது. தரப் பரிசோதனையில் உதிரிப்பாகத்தை அளக்குமுன் அளவுகருவியையே சோதிப்பார்களாம். “ஒரே பீஸை ரெண்டு பேர் தனித்தனியா அளக்கணும் ஃபாதர். அதே ஆளு மறுபடியும் அளக்கணும். நம்பர் ஒத்து வரலன்னா கேஜ் சரியில்ல, இல்ல ஆளு சரியில்ல. அதைப் பார்க்காம பீஸை ரிஜெக்ட் பண்ண மாட்டோம்” என்றார். இந்தியப் புள்ளியியலின் தந்தையாகப் போற்றப்படும் மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கணக்கிட்டபோது கையாண்ட வழியும் இதன் உறவே. ஒரே வட்டாரத்திற்கு இரு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்பி, அவர்கள் கொண்டுவந்த கணக்குகளை ஒப்பிட்டார். வேறுபாடு மிகுந்தால் வயலைக் குறை சொல்லுமுன் அளந்த முறையைச் சந்தேகித்தார்.

பிள்ளையின் வலிக்கு இத்தகைய கருவி எது? பிள்ளையே சொல்லலாம், ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எல்லாமே “உவ்வா”தான். பெரியவர்களின் மொழியிலோ குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு என்று பலவகை. நம் தொழிற்பேட்டையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவற்றை வேறு சொற்களால் வழங்குகின்றனர். பிள்ளை சொல்ல இயலாதபோது தாய் சொல்கிறாள். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் 1996-இல் இதற்கென்றே பெற்றோருக்கான ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டனர். பிள்ளையின் நடத்தையைப் பற்றிய எளிய 15 கேள்விகள்: வழக்கத்தைவிடக் குறைவாக விளையாடுகிறதா, சாப்பிட மறுக்கிறதா, நோகும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா, மடியை விட்டு இறங்க மறுக்கிறதா என்பன போன்றவை. ஆறு கேள்விகளுக்கேனும் ஆம் என்று விடை வந்தால் கவனிக்கத்தக்க வலி உண்டு எனக் கொண்டனர். அப்பட்டியலில் ஓர் அரிய கேள்வி உள்ளது. வழக்கத்திற்கு மாறாக அமைதியாக இருக்கிறதா என்பது அது. நம் பாட்டியிடம் அதை மட்டும் கேட்டிருந்தாலே போதும்! அதே ஆண்டில் அந்நகரத்திலிருந்து வந்த மற்றோர் ஆய்வு, பிள்ளைக்கு வலி இருப்பதைப் பெற்றோர் உணர்ந்தபோதும் மருந்தை மிகக் குறைவாகவே கொடுத்தனர் எனக் காட்டியது. ஆகவே முத்திரை உடையாத புட்டி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று.

இனி, வந்த எண்களைக் கூட்டும் இடத்திற்கு வருவோம். பத்துப் பிள்ளைகளுள் எட்டுப் பேர் சுழியம் என்றும், இருவர் பத்து என்றும் சொன்னதாக வைத்துக்கொள்வோம். சராசரி இரண்டு. “இலேசான வலி” என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் இரண்டு என்ற வலியை அங்கே எந்தப் பிள்ளையும் அனுபவிக்கவில்லை. எட்டுப் பேருக்கு வலியே இல்லை, இருவர் துடிக்கின்றனர். வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் வலிக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் சுழியத்தின் பக்கம் குவிந்து கிடக்கும். சில எண்கள் மட்டும் தொலைவில் தனித்து நிற்கும். தொண்ணூற்றொன்பது ஆடுகள் பட்டியில் பத்திரமாக இருக்கும்போது, சராசரியாக ஆடு எங்கே உள்ளது என்று ஆண்டவர் கேட்கவில்லை.

மேலும் ஒரு பிழை எளிதில் நேரும். 50 பிள்ளைகளிடம் 21 முறை கேட்டால் 1,050 விடைகள் கிடைக்கும். அதனை 1,050 பிள்ளைகளின் சான்று போல் எண்ணுவோர் உண்டு. ஒரே பிள்ளையின் காலை வலியும் மாலை வலியும் உடன்பிறந்தவை. ஒன்றையறிந்தால் மற்றது பாதி தெரிந்துவிடும். ஐம்பது பேரின் சாட்சியத்தை ஆயிரம் பேரின் சாட்சியமாகக் காட்டினால், இல்லாத உறுதி இருப்பதுபோல் தோன்றும்.

மருந்தும் கணக்கைக் குழப்பும். மழையில் நனைந்து வருவோரை எண்ணினால், குடையில்லாதவரைவிடக் குடை பிடித்தவர்களே அதிகம் நனைந்திருப்பதுபோல் ஒருநாள் தோன்றலாம். பெருமழையன்றுதான் குடை வெளியே வருகிறது. தூறலன்று யாரும் எடுப்பதில்லை. அதுபோல, மருந்து குடித்த பிள்ளைகளுக்கே வலி அதிகம் என்று தாள்கள் காட்டினால், மருந்து பயனற்றது என்பது அதன் பொருளன்று. வலி மிகுந்த பிள்ளைக்கே தாய் மருந்து கொடுத்தாள் என்பதே பொருள். மருந்தையும் அதைக் கொடுத்த நேரத்தையும் குறிக்காத தாளில் இதைப் பிரித்தறிய வழியில்லை.

சிறு ஆராய்ச்சிகளுக்கு இன்னொரு குருட்டிடமும் உண்டு. டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் என்னும் மருந்தைப் பல நாடுகளில் நெடுங்காலம் கொடுத்துவந்தனர். உடல் அதனை மார்ஃபினாக மாற்றிக்கொள்கிறது. அரிதாகச் சிலருடைய உடல் அம்மாற்றத்தை மிக விரைவாகச் செய்துவிடுவதால், வீடு சென்று தூங்கிய பிள்ளைகள் சிலர் மூச்சடங்கி இறந்தனர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-இல், டான்சில் அறுவைக்குப் பின் பிள்ளைகளுக்கு அது கூடாதெனக் கடுமையாக எச்சரித்தது. 2017-இல் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அறவே விலக்கியது. இவ்வளவு காலம் ஏன் தெரியவில்லை? புள்ளியியலார் ஓர் எளிய விதி சொல்வர். 300 பேருக்கு மருந்து கொடுத்து ஒருவருக்கும் தீங்கு நேரவில்லையென்றாலும், உண்மையில் நூற்றில் ஒருவருக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதை அக்கணக்கு மறுத்துவிடாது. மூன்றை முந்நூறால் வகுத்து இதனைப் பெறுகின்றனர். ஆயிரத்தில் ஒருவருக்கு நேர்வதை நூறு பேரைக்கொண்ட ஆராய்ச்சி காணாமலே முடிந்துவிடும்.

இவையெல்லாம் எழுதப்பட்ட எண்களின் தொல்லைகள். எழுதப்படாத எண்களின் தொல்லையே நம்மை அதிகம் உறுத்துகிறது.

நம் சிறுவனின் தாளில் கட்டங்கள் ஏன் வெறுமையாயின? தாய்க்கு இரவு ஷிப்டு. தந்தைக்கு அவ்வாரம் அதிகாலை ஷிப்டு. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. கண்ணில் புரையும் உண்டு. ஆராய்ச்சிக்குழுவினர் இருமுறை தொலைபேசியில் அழைத்தார்களாம். தாய் வேலை செய்யும் தொழிற்சாலையில் கைப்பேசியை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அவர்கள் ஏட்டில் “தொடர்பு கிடைக்கவில்லை” என்று எழுதியிருப்பார்கள். தாயும் தந்தையும் இரவில் வீட்டிலிருக்கும் குடும்பத்தின் தாள் நிரம்பி வருகிறது. அப்பிள்ளைக்கு மருந்தும் வேளாவேளைக்குக் கிடைக்கிறது. மருந்து கொடுக்க ஆளில்லாத வீட்டில்தான் கட்டத்தை நிரப்பவும் ஆளில்லை. எந்தப் பிள்ளை அதிகம் துன்புற்றதோ அதன் தாளே வெறுமையாக வருகிறது. வெற்றுத் தாள்களை ஒதுக்கிவிட்டு நிரம்பிய தாள்களை மட்டும் கூட்டினால், நல்ல வசதியுள்ள வீடுகளின் வலியே நாட்டின் வலியாகிவிடும். வெற்றுக் கட்டத்தைச் சுழியம் எனக் கொள்வதோ இதனினும் கொடிது. கடைசியாகக் குறித்த எண்ணையே பிற்பட்ட நாட்களுக்கும் இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் ஒன்றுண்டு. நம் சிறுவனின் கணக்கில் அப்படிச் செய்திருந்தால், மருத்துவமனையில் குறித்த வலியற்ற முகமே ஏழு நாளும் சிரித்துக்கொண்டிருக்கும்.

சரி, தாய் சொன்னபடி பேருந்தில் அமர்ந்து அனைத்தையும் நிரப்பிவிட்டால்? 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. அது பிள்ளைகளைப் பற்றியதன்று. நாள்பட்ட வலியுள்ள 80 பெரியவர்களைப் பற்றியது. அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் காகித நாட்குறிப்பு கொடுத்து, நாளுக்கு மூன்று முறை குறித்த நேரத்தில் எழுதச் சொன்னார்கள். அவர்கள் அறியாவண்ணம் அந்த ஏட்டில், திறந்தால் வெளிச்சம் பட்டு நேரம் பதியும் நுண்கருவியைப் பொருத்தியிருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பதிவுகளை உரிய நேரத்தில் எழுதியதாகத் தாள்கள் காட்டின. நுண்கருவியின்படி அவ்வாறு எழுதியவை நூற்றுக்குப் பதினொன்றே! ஏடு திறக்கப்படாத நாட்களுக்கும் பதிவுகள் இருந்தன. நேரம் தானே பதியும் மின்னணு நாட்குறிப்பைப் பெற்றவர்களோ நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பதிவுகளை உரிய நேரத்தில் செய்தனர். ஆகவே எழுதுபவர் நேர்மையற்றவர் என்று நாம் முடிவு கட்டுவதற்கில்லை. காகிதம் மறதியைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் அழகாக நிரம்பிய தாள் வெற்றுத் தாளைவிட அதிகமாக ஏமாற்றக்கூடும் என்பது மட்டும் தெளிவு.

வீட்டுக்குள் நடப்பதை அறிய நம் மண்ணிலேயே ஒரு பெரிய முயற்சி நடந்ததுண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவரும் நம்மவரும் இணைந்து, நகரின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்று மருந்துண்டனர். மறு பிரிவினர் தம் குடிசைகளிலேயே இருந்து அதே மருந்தை உண்டனர். வீட்டிலிருப்போர் மருந்தைச் சாப்பிட்டார்களா என்பதை எப்படி அறிவது? வாய்ச்சொல்லை மட்டும் நம்பவில்லை. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்தின் தடயம் உள்ளதா என்று சோதித்தார்கள். வராதவரைத் தேடிச் சென்றார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்த அளவில் தேறியிருந்தனர். 1959-இல் வெளியான அம்முடிவு, காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்னும் வழியை உலகுக்கே திறந்தது. வெற்றுக் கட்டங்களை ஊகத்தால் நிரப்பியிருந்தால் அம்முடிவை யார் நம்பியிருப்பார்?

பிள்ளைகளின் வலிக்குச் சிறுநீர்ச் சோதனை இல்லை. எனினும் புட்டியில் எஞ்சிய மருந்தை அளக்கலாம். தாயிடமும் பாட்டியிடமும் தனித்தனியே கேட்டு ஒப்பிடலாம். ஷிப்டு நேரம் எதுவென்று முதலிலேயே கேட்டறிந்து, அதற்கேற்ப அழைக்கலாம்; குறிக்க ஆள் இல்லாத வீடுகளுள் சிலவற்றுக்கேனும் ஒருவர் நேரில் சென்று பார்த்து, அவ்வீடுகளில் வலி எவ்வாறு இருந்தது என்று அறிந்து, எஞ்சியவற்றை அதனைக்கொண்டு மதிப்பிடலாம். புள்ளியியலார் இதற்கெனப் பல கணித முறைகளை வகுத்துள்ளனர். விடுபட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே விடையைத் திணிக்காமல், இருக்கக்கூடிய பல விடைகளை வைத்துப் பலமுறை கணக்கிட்டு, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பதும் அவற்றுள் ஒன்று. ஆனால் எந்தக் கணிதத்திற்கும் கட்டம் ஏன் வெறுமையாயிற்று என்று தெரிய வேண்டும். தாளில் அதை எழுத இடமே விடவில்லை என்பதுதான் நம் மனக்குறை.

அன்று மாலையே தாயிடம் அதனைச் சொன்னோம். “அப்ப போன நாளுக்கெல்லாம் என்ன போடறது ஃபாதர்? வெறுமனே கொடுத்தா திட்டுவாங்களே” என்று கேட்டார். “பார்க்காததைப் போட வேண்டாம் அம்மா. ஏன் பார்க்க முடியலன்னு ஓரத்துல எழுதிடுங்க. இன்னையிலேர்ந்து பையனையே கேட்டுப் போடுங்க. மருந்து கொடுத்த நேரத்தையும் எழுதுங்க” என்றோம். அவர் பேனாவை எடுத்து முதல் ஓரத்தில் “நைட் ஷிப்டு” என்று எழுதினார். அதற்குக் கீழே “பாட்டிக்குக் கண் தெரியாது” என்று எழுதிவிட்டுப் பாட்டியைப் பார்த்துச் சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை. புட்டியின் மூடியைத் திருகித் திறந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மூவரும் வந்திருந்தனர். சிறுவன் கையில் முறுக்கு இருந்தது. தாளைப் பற்றி விசாரித்தோம். பதினொரு கட்டங்கள் நிரம்பியிருந்தனவாம், பத்து வெறுமை. ஐந்தாம் நாளில் நான்கு, ஆறாம் நாள் காலையில் மீண்டும் ஐந்து, அன்று மாலை மூன்று, ஏழாம் நாள் இரண்டு.

“ஓரத்துல எழுதினதை டாக்டர் படிச்சாரா?” என்று கேட்டோம்.

“தெரியல ஃபாதர். வாங்கி ஃபைல்ல வெச்சுக்கிட்டாங்க” என்றார் தாய்.